கல்வெட்டுகளில் காணாமற்போகும் வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் அக்கா காலமான 31ஆம் நாள். வீட்டுக்கிருத்தியம் முடிந்து, வந்தவர்கள் கையில், அவ நினைவாக அச்சடித்த மலரான கல்வெட்டைக் கொடுத்துச் சிவபுராணம் படிக்கத் தொடங்கினோம். பத்தாவது வரியில் குரல்கள் பிரிந்தன. மனப்பாடமாகச் சொன்ன மூத்தவர்கள் ‘சிரங்குவிவார்’ என்று எடுத்தார்கள். நூலைப் பார்த்துப் படித்த பிள்ளைகள் நேரே ‘ஈசனடி போற்றி’க்குப் போய்விட்டார்கள். எல்லோரும் நிறுத்தி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அக்கா நாள்தோறும் விளக்கு வைத்துவிட்டுச் சொன்ன பாட்டு அது. அவ பெயரில் அச்சான நூலில் ஒரு வரி இல்லை.

அன்றிரவே அலுமாரியில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். 26இல் 9இல் அதே வரி இல்லை. ஒன்பதும் ஒரே அச்சகத்தில் அடித்தவையும் அல்ல.

எப்படி விடுபட்டிருக்கும் என்பது எனக்கு விளங்குகிறது. 95 வரிகளில் 6ஆம் வரி முதல் 10ஆம் வரி வரை ஐந்தும் ‘வெல்க’ என்றே முடியும். அதிலும் ‘கரங்குவிவார்’, ‘சிரங்குவிவார்’ இரண்டும் அடுத்தடுத்து வரும். கண் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிவிடும். யாரோ ஒருவர் ஒருமுறை விட்டிருக்கிறார். பின்வந்தவர்கள் அந்தக் கோப்பைத் திறந்து, படத்தையும் பெயரையும் மாற்றி அடுத்த கல்வெட்டாக்கிவிட்டார்கள். பெயரைக்கூட மாற்ற மறந்து, வேறொரு குடும்பத்தின் நன்றி நவிலலோடு வந்த மலரையும் கண்டிருக்கிறேன்.

நான் 1977 முதல் யாழ்ப்பாணத்தில் ஈய எழுத்துக் கோர்த்தவன். அந்தக் காலத்தில் சிவபுராணத்தை ஒருமுறை கோர்த்து, புறூவ் எடுத்துப் பிழை பார்த்து, நூலால் கட்டித் தட்டில் வைத்திருப்போம். எழுத்துக்கு எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் அதைக் கலைக்க முதலாளி விடமாட்டார். எந்த வீட்டுக் கல்வெட்டு வந்தாலும் அந்தத் தட்டுத்தான் இயந்திரத்தில் ஏறும். ஒரு பிழையைக் கண்டு திருத்தினால் அதோடு அது ஒழிந்தது. கணினி வந்தபிறகு பிரதி எடுப்பது இலகுவாகிவிட்டது. அந்த ஒற்றைத் தட்டு இல்லாமற் போயிற்று. இன்று ஒவ்வொரு அச்சகத்திலும் நூறு சிவபுராணம் இருக்கிறது. ஒன்றைத் திருத்தினால் மற்றவை அப்படியே கிடக்கும்.

அந்தத் தட்டைக் கணினியிலும் வைத்திருக்கலாம். பஞ்சபுராணம், சிவபுராணம், வாழ்த்து எல்லாவற்றையும் சரிபார்த்துத் தனிக் கோப்புகளாக வைத்து, மலருக்குள் ஒட்டாமல் இணைப்பாகக் கொண்டுவர வேண்டும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் அதற்கு வசதி உண்டு. ஆனால் அந்தத் தெரிவு வழமையில் அணைந்தே இருக்கும். பிரிபரன்ஸில் போய் இயக்கிவிட வேண்டும். மூலக் கோப்பைத் திருத்தினால் இணைப்புப் பட்டியலில் மஞ்சள் முக்கோணம் காட்டும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: மலருக்குள் வைத்து அந்தப் பாட்டில் கை வைத்தால், புதுப்பிக்கும்போது அந்த மாற்றம் போய்விடும். ஆகையால் எழுத்தின் அளவையும் வடிவையும் ஸ்டைலில் வைத்து, சொற்களை மூலக் கோப்பில் மட்டும் திருத்துங்கள். பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கும் என் மருமகன், கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் லாடெக் என்ற மென்பொருளில் இதையே ஒரு வரிக் கட்டளையில் செய்து காட்டினான். கோப்புக்குள் குறி போட்டு, வேண்டிய பகுதியை மட்டும் எடுக்கவும் முடிகிறது. சிறிய மலருக்கு முதற் பகுதி, பெரியதற்கு முழுவதும்; மூலம் ஒன்றுதான்.

அச்சான மலரின் பீடிஎஃப்பைத் தனியே பூட்டி வையுங்கள். பின்னாளில் மூலத்தைத் திருத்தும்போது பழைய மலரின் பக்கங்கள் குலையக்கூடாது. வயதானவர்களுக்காகச் சந்தி பிரித்த பாடம் கேட்கும் வீடுகளும் உண்டு. அதற்கு இரண்டாவது மூலம் ஒன்று வைத்தால் போதும். முதல் வரியில் ‘வாஅழ்க’ என்று வருவது அளபெடை, அதாவது ஓசையை நீட்டிக் காட்டும் எழுத்து. பிழை என்று எண்ணி அந்த அகரத்தை எடுத்துவிடாதீர்கள். ‘பிஞ்ஞகன்’ என்பதைப் ‘பிஞ்சகன்’ ஆக்குவதையும் நிறுத்த வேண்டும்.

1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் பிழையற்ற பதிப்புக்காக உழைத்த ஆறுமுக நாவலரின் ஊர் இது.

ஒருங்குறியில் தட்டெழுதி, இரண்டு ஓதுவார்களைக் கொண்டு வரிவரியாக ஒப்புநோக்கிய கோப்புகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. எந்த அச்சகமும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். தங்கள் அலுவலகத்திலும் ஒரு பிரதி வைக்கத் தாங்கள் இடம் தந்தால், அடுத்த திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அச்சுக்கோர்ப்பாளர்,
கொக்குவில்.