போடிமெட்டு ஏறும் முன் இதைப் படி

நாமக்கல்
புதன் இரவு

அன்புள்ள செல்வம்,

நலம். ஐந்து மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. திட்ட வேண்டியதை நேரில் திட்டிக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கயல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். தங்கராசு மறுபடியும் கடையை மாற்றிவிட்டான். காரணம் உனக்கே தெரியும்.

சித்திரையில் நீ வந்துவிட்டுக் கிளம்பியபோது எங்கள் சந்துமுனையில் வண்டியை முழுதாக ஒடித்துத் திருப்பினாயே, அப்போது முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. என்ன சத்தம் என்று கேட்டேன். "வயதான வண்டி, பாடுகிறது" என்றாய். இருவரும் சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆடியில் அம்மாவைக் கொல்லிமலைக்கு, அறப்பளீசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். என் வண்டியும் ஆறு மாதமாக அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. பத்து நாளுக்கு ஒருமுறை பானெட்டுக்குள் இருக்கும் எண்ணெய் டப்பாவில் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்போம். ஒரு வளைவில் திருப்புகிறேன், ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. எதிரே பஸ். உடம்பு முழுவதையும் போட்டு இழுத்துத்தான் வளைத்தேன். அம்மா பின்சீட்டில், வாங்கிய வாழைப்பழச் சீப்பை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கடைசிவரை விழிக்கவே இல்லை, செல்வம். அந்த முகம்தான் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் பெல்ட் முழுக்கச் சிவப்பு எண்ணெய். எண்ணெயை அழுத்தித் தள்ளி ஸ்டீயரிங்கை இலகுவாகத் திருப்ப வைக்கும் பம்ப்பைச் சுழற்றுவதே அந்த பெல்ட்தான். எண்ணெயில் நனைந்தால் வழுக்கும்; வழுக்கினால் பம்ப்பில் அழுத்தம் இருக்காது. ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுந்துவிடாது, பலம் கொடுத்தால் திரும்பும். ஆனால் மலை வளைவின் நடுவில் திடீரென்று அந்தப் பலத்தைக் கொடுக்க உன் வலது தோளால் முடியுமா? இன்னொன்றும் உண்டு. சொட்டும் எண்ணெய் புகைக்குழாயின் சூட்டில் விழுந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

இங்கே ஒரு பட்டறையில் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்காமல் "பம்ப்பையே மாற்ற வேண்டும்" என்றார்கள். எங்கே கசிகிறது என்று கேட்டேன், பதில் இல்லை. கோபத்தோடு வீட்டுக்கு வந்து நானே கையில் எடுத்தேன்.

முதலில் பம்ப்பையும் குழாய்களையும் நன்றாகக் கழுவித் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். எஞ்சினை ஓடவிட்டு, கயலை ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பச் சொன்னேன். எண்ணெய் எங்கே பிறக்கிறதோ அங்கே பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். பின்மூடியில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் உலர்ந்தே இருந்தது. எண்ணெய் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயின் கிளாம்ப்பும் உலர்ந்திருந்தது. பெல்ட் ஓடும் சக்கரமான புல்லிக்குப் பின்னால், பம்ப்பின் தண்டு வெளியே வரும் இடத்தில் மட்டும் ஈரம். அங்கே தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் உதடு கொண்ட ஆயில் சீல் தேய்ந்திருந்தது. அவ்வளவுதான் முழு நோயும்.

பெல்ட்டைத் தளர்த்தி, குழாய்களைக் கழற்றி, பம்ப்பை வெளியே எடுத்தேன். உள்ளே இருந்த எண்ணெய் காப்பி டிகாக்‌ஷன் போல் கறுத்திருந்தது. பின்மூடியைத் திறந்ததும் எனக்கு வந்த மகிழ்ச்சியை என்னவென்று எழுதுவது! முட்டை வடிவ வளையம், அதற்குள் உருளை, உருளையின் வெட்டுகளில் பத்து மெல்லிய தகடுகள். உருளை சுழலும்போது தகடுகள் வெளியே தள்ளப்பட்டு வளையத்தை ஒட்டியபடி எண்ணெயை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் நெருக்கி அனுப்புகின்றன. உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பொருள்தான் இத்தனை பெரிய வண்டியை ஒரு விரலால் திருப்ப வைக்கிறது. தகடுகளைச் செய்தித்தாளில் வரிசையாக அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு விளிம்பு உருண்டையாக இருக்கும். திரும்பப் போடும்போது அது வளையத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

சீல் உட்காரும் இடத்தில் தண்டை நகத்தால் தடவிப் பார்க்கக் கயலிடம் சொன்னேன். நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் நிற்காது, அப்போது பம்ப்பை மாற்றத்தான் வேண்டும். "வழவழவென்று இருக்கிறதப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன்.

பழைய சீலில் பொறித்திருந்த எண்ணைக் காட்டிக் கடைத்தெருவில் புதியது வாங்கினேன். சீலும் ஓ ரிங்குகளும் 400 ரூபாய்க்குள் முடிந்தன. சீலின் சுருள்வில் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும். தண்டின் முனை சீலின் உதட்டைக் கிழிக்காதிருக்க, முனையில் டேப் சுற்றித்தான் நுழைக்க வேண்டும். ஊறிப்போன பெல்ட்டையும் தூக்கிப் போட்டுவிட்டேன்.

பம்ப்பை மாட்டிய பிறகு, எண்ணெயில் புகுந்த காற்றை வெளியே எடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். முன்சக்கரங்களைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, எஞ்சினை அணைத்த நிலையிலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முறை திருப்பினோம். டப்பாவில் குமிழி வர வர எண்ணெய் ஊற்றினோம். பிறகுதான் எஞ்சினை ஓடவிட்டோம். முதலில் நுரைத்து முனகியது, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மூன்று வாரமாகிறது, இன்று காலையும் கீழே அட்டை விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டுக்கூட இல்லை.

உனக்கு இப்போது சொல்கிறேன். கசிவை அடைக்கும் மருந்து என்று நீ வாங்கி ஊற்றுகிறாயே, அது ரப்பரை ஊதவைக்கிறது. தேய்ந்த உதடு அதனால் வளர்ந்துவிடாது. சில நாள் அடங்கியிருந்து பிறகு மீண்டும் கசியும். அதை நிறுத்து. ஏலக்காய் ஏலத்துக்கு வாரம் தவறாமல் போடிமெட்டு ஏறி இறங்குகிறாய், சில நாள் வனிதாவும் குழந்தையும் கூட வருகிறார்கள். வரும் வாரம் பஸ்ஸில் போய் வா. கேட்கிறேன், மறுக்காதே.

சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து ஞாயிறு காலை போடிக்கு வந்துவிடுகிறேன். புல்லி கழற்றும் புல்லரும் ஸ்டாண்டுகளும் கொண்டு வருகிறேன். உன் வண்டிக்கு எந்த ஆயில் என்று டப்பா மூடியில் எழுதியிருக்கும். அதையே வாங்கி வை, கடைக்காரர் சொல்வதை வாங்காதே. அதுவரை சாவியை வனிதாவிடம் கொடுத்துவிடு. நான் அவருக்கும் தனியாக எழுதிவிட்டேன்.

உன்,
பழனி