மருத்துவ விடுப்பில் இருப்பவரை வேவு பார்க்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 19 வருடமாகப் புடவைப் பிரிவில் விற்பனையாளராக இருக்கிறேன். போன ஐப்பசியில் இடுப்பு பிடித்துக்கொண்டு குனியவே முடியவில்லை. ஸ்கேனில் ஜவ்வு விலகியிருப்பதாக வந்தது. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் டாக்டர் 3 வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்தார். படுத்தே கிடக்கக் கூடாது, காலையும் மாலையும் மெதுவாக நடக்க வேண்டும், வெகுநேரம் நிற்கக் கூடாது என்றார். அதன்படி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்து வந்தேன்.

அந்த வாரம் தெருமுனை டீக்கடையில் ஒருவர் எங்கள் வீட்டைப் பற்றி விசாரித்திருக்கிறார். மகளுக்கு வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டு ஆளாக இருக்கும் என்று என் மனைவி வாசலில் கோலத்தைக்கூடப் பெரிதாகப் போட்டாள். வேலைக்குத் திரும்பிய அன்றுதான் தெரிந்தது, அவர் கடை அனுப்பிய ஆள். மேலாளர் செல்போனில் வீடியோ காட்டினார். நான் நடக்கிறேன், ஒரு கட்டுக் கீரை வாங்குகிறேன். ஒன்றில் என் மகள் வாசல் தெளிக்கிறாள். "நல்லாத்தானே நடக்கிறீங்க" என்றார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை.

தீபாவளி நேரத்தில் ஆள் குறைந்தால் கடைக்குச் சிரமம்தான். பொய் சொல்லி விடுப்பு எடுப்பவர்களும் உண்டு, அவர்கள் வேலையை நாங்கள்தான் சேர்த்துப் பார்த்திருக்கிறோம். சரி, சந்தேகம் வந்தால் டாக்டரிடம்தானே கேட்க வேண்டும்? மறுபரிசோதனைக்கென்றே இ.எஸ்.ஐ.யில் மெடிக்கல் ரெஃப்ரி என்று ஒரு மருத்துவர் இருக்கிறார். கடை எழுதிக் கேட்டிருந்தால் நானே போய் நின்றிருப்பேன். அந்த நாட்களுக்குக் கடை சம்பளமும் தரவில்லை. என் 14,000 ரூபாய் சம்பளத்தில் மாதம் 105 ரூபாய் பிடிக்கிறார்கள், கடையும் தன் பங்கைக் கட்டுகிறது. அந்த இ.எஸ்.ஐ.யிலிருந்துதான் 70 சதவீதம் வந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். புடவை மடிக்கிறவன் வீட்டு வாசலுக்கும் அது வர வேண்டும். விடுப்பில் இருப்பவரை மறைந்திருந்து படம் எடுக்கக் கூடாது, சந்தேகம் என்றால் மருத்துவர் வழியாக மட்டுமே விசாரிக்க வேண்டும் என்று தொழிலாளர் துறை தெளிவாக உத்தரவிட வேண்டும்.

என் மகளின் படத்தை அழிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன். இன்னும் அந்தச் செல்போனில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை ஊழியர், கும்பகோணம்
(பெயரை வெளியிட வேண்டாம்)