மூன்று வகுப்புச் சலுகை போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வருகைக் குறைவைக் காட்டி சட்ட மாணவர்களைத் தேர்வெழுத விடாமல் தடுக்கக் கூடாது என்று 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிலிருந்து, “இனிமேல் கிளாசுக்கு யார் வருவாங்க?” என்ற கேலியை அடிக்கடி கேட்கிறேன். எங்கள் கடற்கரைச் சங்கதி தெரிந்தவர்கள் இவ்வளவு சுலபமாகச் சிரிக்க மாட்டார்கள்.

அப்படித் தடுக்க வழிவிடுவது, வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் 12ஆவது விதி. ஒரு பாடத்தில் நடந்த வகுப்புகளில் 70 சதவீதத்துக்கு வந்திருந்தால்தான் அந்தப் பாடத்தில் செமஸ்டர் தேர்வு எழுதலாம். விதிவிலக்கான காரணம் இருந்தால் முதல்வர் 65 வரை இறங்கி வரலாம். அப்போதும் எல்லாப் பாடமும் சேர்த்து 70 இருந்தாக வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சரி, கணக்குப் போடுங்கள். 60 வகுப்பு நடந்த பாடத்தில் 70 சதவீதம் என்பது 42, 65 சதவீதம் என்பது 39. சலுகை மொத்தம் மூன்று வகுப்பு!

பாம்பனிலிருந்தோ தங்கச்சிமடத்திலிருந்தோ போன விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்தால், அந்த வீடு எத்தனை நாள் அல்லாடும் என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். அங்குள்ள நீதிமன்றத்தில் காவல் நீட்டிப்பு வந்துகொண்டே இருக்கும். வீட்டில் சட்டம் படிக்கிற பிள்ளை இருந்தால் கலெக்டர் ஆபீஸ் மனு, மீன்வளத் துறையில் விசாரிப்பது, சங்கத்துக்காரர்களிடம் பேசுவது எல்லாம் அதன் தலையில்தான் விழும். “நீதானம்மா படிச்ச பிள்ளை” என்பார்கள். என் அண்ணன் பிடிபட்டபோது அவர் மகள் அலைந்த அலைச்சல் இதுதான். வெளி மாவட்டத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். காலேஜில் போய்க் காரணத்தைச் சொன்னால், “மெடிக்கல் சர்டிபிகேட் இருக்கா?” என்றார்கள். ஹால் டிக்கெட் வந்தபோது அதில் இரண்டு பாடம் இல்லை. காய்ச்சல் என்று காசு கொடுத்து ஒரு சீட்டு வாங்கியிருந்தால் ஒருவேளை எழுதியிருப்பாள். சட்டம் படிக்கிறவளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பது இதைத்தானா? அந்த விதியில் நோய் மட்டும்தான் காரணம் என்று எங்கும் இல்லை.

வருகைப் பதிவே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. கல்லூரியில் வாதாடிப் பழக நடத்தும் மாதிரி நீதிமன்றத்தில் ஒருநாள்கூட நின்று வாதாடாதவரிடம் என் வழக்கைக் கொடுக்க எனக்கும் பயம்தான். ஆனால் குறைவு இருக்கிறது என்பதை ஹால் டிக்கெட் நேரத்தில் சொல்லி என்ன பயன்? வாராவாரம் மாணவருக்கும் மாதாமாதம் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும், குறைந்தவர்களுக்குக் கூடுதல் வகுப்பு வைக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. இதைச் செய்யத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு எந்த உத்தரவும் தேவையில்லை. வாட்ஸ்அப் குழு இல்லாத வகுப்பு ஏது?

இன்னொன்று. சலுகை கொடுத்த மாணவர்களின் பட்டியலைக் காரணத்தோடு பார் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும் என்று அந்த 12ஆவது விதியே சொல்கிறது. கடலில் கைது, படகு விபத்து, புயல் ஆகியவற்றையும் காரணமாக ஏற்கலாம் என்று பார் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை விட்டால் முதல்வர்களுக்கும் தயக்கம் இருக்காது. ஆதாரத்துக்கும் பஞ்சமில்லை. கைதான மீனவர்களின் பெயர்ப் பட்டியல் மீன்வளத் துறையிடம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு சான்று கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
மீனவர் குடும்பத்து வாசகி,
தங்கச்சிமடம்.