ஜப்பானிய விழா மேடையில் தமிழுக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் கடந்த ஜூலை மாதம் இரண்டு நாள்கள் நடைபெற்ற ஜப்பானிய மொழி, பண்பாட்டு விழாவில், பேச்சுப் போட்டிக்கு நடுவர்களுள் ஒருவராக நான் அழைக்கப்பட்டிருந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் ஜப்பானிய மொழி கற்பித்து வருபவள் என்ற முறையில் இத்தகைய விழாக்கள் பலவற்றுக்குச் சென்றிருக்கிறேன். பிள்ளைகள் காட்டும் ஆர்வம் ஒவ்வொரு முறையும் மனத்தை நிறைக்கிறது. ஆனால் இம்முறை நான் கண்ட ஒரு காட்சி, நெடுநாளாக என் மனத்தில் இருந்துவரும் ஒரு கருத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கல்லூரி நிர்வாகங்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று எண்ண வைத்துவிட்டது.

அந்தப் போட்டியில், உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாள்தோறும் கல்லூரிப் பேருந்தில் வந்து போகிற, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த இரண்டாமாண்டு மாணவி ஒருவர், தம் காலைப்பொழுதைப் பற்றி மூன்று நிமிடம் ஜப்பானிய மொழியில் பேசினார். உச்சரிப்பு தெளிவாக இருந்தது. தாளைப் பார்க்கவே இல்லை. பேச்சின் நடுவே, அம்மாவிடம் ‘சயோனரா’ சொல்லிவிட்டுப் பேருந்து ஏறுவதாக அவர் சொன்னபோது, என் அருகில் இருந்த ஜப்பானிய நடுவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பேச்சு முடிந்ததும், ஏன் அம்மாவிடம் அப்படிச் சொல்கிறீர்கள் என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரிந்தது. ஆங்கிலத்தில் விடை சொல்ல வரவில்லை. தமிழில் ஏதோ சொல்லத் தொடங்கியவரை, ஆங்கிலத்தில் மட்டும் பேச வேண்டும் என்று சொல்லி, தொகுத்து வழங்கியவர்கள் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். அவர் தலைகுனிந்தபடி மேடையை விட்டு இறங்கினார்.

‘சயோனரா’ என்பது பிரிவின் நிழல் படிந்த சொல். வீட்டிலிருந்து கிளம்பும் எந்த ஜப்பானியரும் பெற்ற தாயிடம் அதைச் சொல்வதில்லை. போட்டி முடிந்தபின் அந்த மாணவியைத் தேடிப் பிடித்து, “காலையில கிளம்பும்போது அம்மாகிட்ட என்னம்மா சொல்லுவே?” என்று கேட்டேன். “போய்ட்டு வரேன்மான்னு சொல்லுவேன் மேடம்” என்றார். அதையேதான் ஜப்பானியர்கள் ‘இத்தே கிமாஸ்’ என்கிறார்கள். ‘இத்தே’ என்றால் போய். ‘கிமாஸ்’ என்றால் வருகிறேன். வாசலில் நிற்கும் அம்மா ‘இத்தே ரஷ்ஷாய்’ என்று விடை கொடுப்பார்; அது நம் ‘போய் வா’ தவிர வேறில்லை. அந்த மாணவி சிறிது நேரம் என்னையே பார்த்துவிட்டு, “அப்ப நான் வீட்ல பேசுறதை அப்படியே சொல்லியிருந்தா சரியா இருந்திருக்குமா மேடம்?” என்று கேட்டார்.

இருந்திருக்கும். தமிழில் சரியாக இருந்த ஒன்றை அவர் முதலில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், அந்த ஆங்கிலச் சொல்லுக்குரிய ஜப்பானியச் சொல்லை அகராதியில் எடுத்ததனால் வந்த பிழை அது. ஓராண்டு உழைத்த பிள்ளையின் பிழையாக நான் அதைக் கருதவில்லை. தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழியை ஆங்கிலத்தின் வழியாக மட்டுமே சொல்லிக் கொடுத்து வருகிற, நான் உட்பட, நம் எல்லாருடைய பிழை அது.

தமிழ் அறிந்தவருக்கு ஜப்பானிய மொழியின் வாக்கிய அமைப்பு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை வெளியில் பலர் அறிய மாட்டார்கள். எழுவாய் முதலில், செயப்படுபொருள் நடுவில், வினை இறுதியில் என்ற வரிசை இரண்டு மொழிகளுக்கும் பொது. பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டும் முறையும் பொது. எட்டாம் வகுப்பில் வேற்றுமை உருபுகளைப் படித்த பிள்ளைக்கு, நம் ‘ஐ’ நிற்கும் இடத்தில் அங்கே ‘ஓ’, நம் ‘உடைய’ நிற்கும் இடத்தில் ‘நோ’, ‘ஓடு’ நிற்கும் இடத்தில் ‘தோ’ என்று ஒரே பாடவேளையில் காட்டிவிடலாம். எழுவாய்க்கு நம்மிடம் உருபு இல்லை, அவர்களிடம் ‘கா’ உண்டு என்ற வேறுபாடும் அப்போதே விளங்கிவிடும். ‘உம்’ என்ற இடைச்சொல்லுக்கு அங்கே ‘மோ’: நான் ‘வத்தாஷி’ என்றால், நானும் ‘வத்தாஷி மோ’, எப்போது ‘இட்சு’ என்றால், எப்போதும் ‘இட்சுமோ’.

இவற்றை எல்லாம் விட வியப்பானவை துணைவினைகள். செய்து பார், வாங்கி வை, தின்று விடு என்று நாம் எத்தனை இயல்பாகச் சொல்கிறோம்! இவற்றில் வரும் ‘பார்’ கண்ணால் பார்ப்பதைக் குறிப்பதில்லை, ‘வை’ கையால் வைப்பதைக் குறிப்பதில்லை. ஜப்பானிய மொழியிலும் அப்படியே. ‘யத்தே மிரு’ என்பதில் ‘யத்தே’ செய்து, ‘மிரு’ பார். ‘கத்தே ஒக்கு’ என்பதில் ‘கத்தே’ வாங்கி, ‘ஒக்கு’ வை. ஆங்கிலத்தில் விளக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனி விதியும் தனிப் பயிற்சியும் தேவைப்படுகின்றன. என் வகுப்புகளில் இதற்கு நான்கு வாரங்கள் போனதுண்டு. தமிழில் விளக்கத் தொடங்கிய பின் அதே பாடம் இரண்டு மாலைகளில் முடிகிறது.

அருகில் இருப்பதற்கு ‘கொரே’, கேட்பவர் பக்கம் இருப்பதற்கு ‘சொரே’, இருவருக்கும் தொலைவில் இருப்பதற்கு ‘அரே’ என்று மூன்று சுட்டுகள் அவர்களுக்கு உண்டு. ஆங்கிலத்தில் சுட்டு இரண்டே. தமிழிலோ அ, இ, உ என்று மூன்று. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு மறைந்துவிட்டாலும், யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘உது’ என்று இயல்பாகச் சொல்கிறார்கள். என்னிடம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவருக்கு ‘சொரே’ என்ற சொல்லை நான் விளக்க வேண்டியிருக்கவே இல்லை. பக்கத்து மாணவருக்கு அவரே விளக்கினார்.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விழாக் கூடத்தின் நுழைவாயிலில், ஜப்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று பெரிய எழுத்தில் ஒரு பதாகை வைத்திருந்தார்கள். பேராசிரியர் சுசுமு ஓனோ 1980களில் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று நூற்றுக்கணக்கான சொற்களை ஒப்பிட்டு எழுதினார். யாழ்ப்பாணத்து அறிஞர்கள் அருணாசலம் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு இணைந்து பணியாற்றினார்கள். நம் பொங்கலையும் ஜனவரி 15 ஆம் நாளை ஒட்டி அங்கே கொண்டாடப்படும் சிறு புத்தாண்டையும் அவர் ஒப்பிட்டது இன்றும் படிக்கச் சுவையானது. ஆயினும் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. அமைப்பில் ஒத்திருப்பதற்கு ஒரே தாய் வயிற்றில் பிறந்திருக்க வேண்டியதில்லை. உறுதிப்படாத பெருமையைப் பதாகையாக்கி வாயிலில் வைத்துவிட்டு, உறுதியாக நம் கையில் இருக்கும் பயனை மேடையில் பேசவிடாமல் தடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஜப்பானிய அரசு வரையறுத்திருக்கும் 2136 ‘கான்ஜி’ எனப்படும் சீனவழி எழுத்துகளைக் கற்பதற்குத் தமிழ் துணை செய்யாது. அதற்கு எழுதி எழுதிப் பழகுவதைத் தவிர வழியில்லை. வல்லின ஒலிகளில் நம் பிள்ளைகள் தடுமாறுவதும் உண்மை. ‘தைகாகு’ என்பதன் முதலெழுத்தைப் ‘பந்து’ என்ற சொல்லில் வரும் தகரம்போல மென்மையாகச் சொன்னால் பல்கலைக்கழகம். ‘தம்பி’யில் வரும் தகரம்போல வலித்துச் சொன்னால் படிப்பைப் பாதியில் விட்டு விலகுவது. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால், மேடையேறும் பிள்ளை தான் பல்கலைக்கழகத்தில் படிப்பதாகச் சொல்ல வந்து வேறொன்றைச் சொல்லிவிட வாய்ப்புண்டு. ஆனால் இந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தமிழில்தான் ஒரு நிமிடத்தில் விளக்க முடிகிறது. குறில், நெடில் வேறுபாட்டிலோ நம் பிள்ளைகள் தவறுவதே இல்லை. ‘ஒபசான்’ அத்தை அல்லது சித்தி, ‘ஒபாசான்’ பாட்டி என்றால், மாத்திரை படித்தவர்களுக்கு அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

இது வெறும் மொழி ஆர்வலர்களின் கவலை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் வேரூன்றியுள்ளன. ஜப்பானியக் கடனுதவியோடுதான் சென்னை மெட்ரோ ரயில் ஓடுகிறது. முதியோர் பராமரிப்பு உள்ளிட்ட துறைகளுக்கு இந்தியத் தொழிலாளர்களை அழைத்துக்கொள்ள 2021 ஜனவரியில் இரு நாடுகளுக்கும் இடையே உடன்பாடு கையெழுத்தானது. அந்த வேலைகளுக்குச் செல்ல ஜப்பானிய மொழித் தேர்வில் தேற வேண்டும். அதற்காக என்னிடம் வருகிற செவிலியர்களில் பலர் தமிழ்வழியில் படித்த கிராமத்துப் பெண்கள். ஆங்கிலம் சரளமாக வராத ஒரே காரணத்தால் அவர்கள் தங்களால் ஜப்பானிய மொழியும் முடியாது என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். உண்மையில் அவர்கள் பெரும்பாலும் நன்றாகவே தேறுகிறார்கள்.

விழாக்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. காகித மடிப்பும், மலர் அலங்காரமும், யுகாத்தா உடுத்திப் படம் எடுத்துக்கொள்வதும் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தருபவை, அவை இருக்கட்டும். ஆனால் இரண்டு நாள் விழாவில் மொழிக்கென ஒதுக்கப்பட்டது ஒன்றரை மணி நேரம். டோக்கியோ அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் விழாவை இங்கே எண்ணிப் பார்க்கலாம். முதலாமாண்டு மாணவர்கள் தாங்கள் படிக்கும் மொழிக்குரிய நாட்டின் உணவுக் கடையை நடத்துகிறார்கள். இரண்டாமாண்டு மாணவர்கள் அந்த மொழியிலேயே ஒரு நாடகத்தை நடித்துக் காட்டுகிறார்கள். பார்வையாளர்களுக்கு ஜப்பானிய மொழியில் எழுத்துவடிவ மொழிபெயர்ப்பு திரையில் ஓடுகிறது. இந்தியும் உருதும் வங்காளமும் அந்த மேடையில் அப்படித்தான் ஒலிக்கின்றன. நம் கல்லூரிகளிலும் இருபது நிமிட ஜப்பானிய நாடகம் ஒன்றை மாணவர்கள் நடித்து, திரையில் தமிழ் மொழிபெயர்ப்பு ஓடினால், உடன் வந்த பெற்றோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். இப்போது அவர்கள் வெளியே மரத்தடியில் காத்திருக்கிறார்கள்.

இன்னொரு செய்தியும் விழாவில் சொல்லப்பட வேண்டும். தமிழைத் தேடி ஜப்பானியர்களும் இங்கே வந்தார்கள். சோழர் கல்வெட்டுகளை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த நொபோரு கராஷிமா, 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தவர். சங்க அகப்பாடல்களை ஆராய்ந்த தகனோபு தகஹாஷி திருக்குறளை ஜப்பானிய மொழிக்குக் கொண்டு சென்றார். இவர்கள் இருவரின் படங்களும் அந்த விழாக் கூடத்தில் இல்லை. ஜப்பானிய அசைபடப் பாத்திரங்களின் படங்கள் ஒரு சுவர் முழுவதும் இருந்தன.

விழாவின் ஒரு மூலையில், ஜப்பானியர் ஜூலை ஏழாம் நாள் கொண்டாடும் தனபாத்தாவை ஒட்டி மூங்கில் கிளை ஒன்றை நட்டு வைத்திருந்தார்கள். வேண்டுதல்களை வண்ணத் தாளில் எழுதி அதில் கட்டுவது வழக்கம். கட்டியிருந்த தாள்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருந்தன. மஞ்சள் தாள் ஒன்றில் மட்டும், “அம்மாவின் முழங்கால் சீக்கிரம் குணமாக வேண்டும்” என்று தமிழில் எழுதியிருந்தது. பேச்சுப் போட்டியில் பேசிய அதே மாணவியின் கையெழுத்து அது. அவரை அருகில் உட்கார வைத்து, அந்தத் தாளின் கீழேயே எழுதச் சொன்னேன்: ‘ஹஹா நோ ஹிஸா கா ஹயாக்கு நவோத்தே ஹொஷீ’. ஹஹா அம்மா, நோ இன், ஹிஸா முழங்கால், ஹயாக்கு சீக்கிரம், நவோத்தே குணமாகி, ஹொஷீ வேண்டும். ஒரு சொல்லைக்கூட முன்பின்னாக மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஹிராகானா எழுத்தில் அவரே பிழையில்லாமல் எழுதி, மீண்டும் கிளையில் கட்டினார்.

ஆகவே, கல்லூரி நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் இது. வரும் ஆண்டு விழாவிலிருந்து, ஜப்பானிய மொழிப் போட்டியில் பேசும் மாணவர்கள் நடுவர்களின் கேள்விக்குத் தமிழிலும் விடையளிக்க இடம் கொடுங்கள். மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். தமிழ்வழி விளக்கத்தோடு கூடிய ஒரு தொடக்கநிலை ஜப்பானிய இலக்கண நூலைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமோ, தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமோ முன்னின்று வெளியிட்டால், சிறிய ஊர்களில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேரும். துணைவினைகள், வேற்றுமை உருபுகள், சுட்டுகள் ஆகியவற்றுக்காக என் வகுப்புகளில் தமிழில் எழுதிப் பயன்படுத்திய குறிப்புகள் நான்கு ஏடுகளாக என்னிடம் உள்ளன. அவற்றை எந்தக் கல்லூரிக்கும் கட்டணமின்றிப் படியெடுத்துத் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜப்பானிய மொழி ஆசிரியை ஒருவர்,
சென்னை