திருப்பணி முடிஞ்சிருச்சு, பால் ஸ்டோரும் நிமிந்து நின்னுருச்சு: உறுப்பினர்களுக்கு கமிட்டி கணக்கு

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நேத்தோட மண்டலாபிஷேகம் 48 நாளும் முடிஞ்சிருச்சு, கணக்கு எங்க கணக்கு எங்கன்னு வாட்ஸ்அப்ல கேட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல, இந்தாங்க.

வரவு: உறுப்பினர் சந்தா, உபயம் எல்லாம் சேத்து 61,250 வெள்ளி (ரிங்கிட்). ஒய்.பி. (நம்ம தொகுதி உறுப்பினர்) மானியம் 10,000. ரப்பர் தோட்டத்த விட்டு கேஎல், சிங்கப்பூர்னு போன நம்ம புள்ளைங்க அனுப்புனது 18,900. மொத்தம் 90,150. செலவுல கோபுரம், பெயிண்ட், கொத்தனார் கூலி 52,300, பால் ஸ்டோர (வெட்டுன ரப்பர் பால நிறுத்த பழைய கொட்டாய) பேத்து கொண்டாந்து கட்டினது 27,640, கும்பாபிஷேக அன்னதானம் 8,750. கையில 1,460 இருக்கு.

கோயில் வேலைய பத்தி யாருக்கும் சண்ட இல்ல. சண்ட எல்லாம் ஸ்டோருக்குத்தான். வெளியூரு புள்ளைங்க 18,900 அதுக்குன்னே அனுப்புனாங்க, மீதி 8,740 கோயில் காசுலேர்ந்து போட்டோம். "சாமி காசுல எதுக்குய்யா பழைய கொட்டாய்"னு கூட்டத்துல கேட்டாங்க, நியாயமான கேள்விதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

2013 கடைசியில பூஜாங் பள்ளத்தாக்குல 11ஆம் நம்பர் சண்டிய (பழங்காலத்து கோயில் இடிபாடு) வீடு கட்டுற கம்பெனி இடிச்சுத் தள்ளுன நியூஸ் ஞாபகம் இருக்கா. இங்க கெடா பீடோங்லேர்ந்து கார்ல போனா கொஞ்ச நேரம்தான். தனியார் நிலம், மரபு எடம்னு கெஜட்ல அறிவிக்கலன்னு சொன்னாங்க. 2005ல வந்த தேசிய மரபுச் சட்டம் ஃபெடரல் சட்டம், ஆனா நிலம்ங்கிறது ஸ்டேட் கையில, இந்த ரெண்டுக்கும் நடுவுல ஆயிரம் வருசத்து செங்கல்லே நிக்கல, நம்ம தகரக் கொட்டாய் எம்மாத்திரம்னு பயந்துதான் 2014ல அரசாங்கத்துக்கு மொத லெட்டர் போட்டோம். 2016ல மந்திரி பெசார் (மாநில முதல்வர்) மாறுனாரு, 2018ல ஆட்சியே மாறுச்சு, 2020ல மறுபடியும் மாறுச்சு, ஒவ்வொரு தடவையும் கவுண்டர்ல "ஃபைல் இல்ல, புதுசா எழுதிக் குடுங்க"ன்னு ஒரே பதிலு. ஒரு ஆபீஸ்ல உள்ள இருந்த தம்பி லெட்டர பிரிக்கவே இல்ல, "உங்க தோட்டத்துல இன்னும் எத்தன ஓட்டு இருக்கு அங்கிள்"னு கேட்டாரு. லயத்த (தோட்டத்து வரிசை வீடு) காலி பண்ணி ஆளாளுக்கு ஒரு தாமான்னு (குடியிருப்பு) செதறிப் போனதுக்கப்புறம் நான் என்னத்த சொல்றது.

மேடையில ஏறுற ஆளுங்க எல்லாம் ராஜேந்திர சோழன், 1025, கடாரம் (இந்தக் கெடாதான்) கொண்டான்னு கை தட்டு வாங்கிட்டுத்தான் எறங்குறாங்க. ராஜா கப்பல்ல வந்த கதைக்கு மேடையும் மாலையும் இருக்கு, நம்ம தாத்தா பாட்டி ரஜூலா கப்பல்ல வந்து பால் வெட்டுன கதைக்கு ஒரு கோப்பு கூட தேறல. கடைசியா வந்த 10,000 கூட பெயிண்ட்டுக்கு மட்டும்தான், ஸ்டோர் கம்பெனி நிலத்துல இருக்கு அதுக்கு தொடக்கூடாதுன்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க. பெயிண்ட் காயுறதுக்குள்ள போட்டோ புடிக்க வந்தாங்க, அது வேற.

வழி கெடச்சது மெர்போக் மியூசியத்துல. அங்க பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங், பெண்டியாட்னு மூணு சண்டிய இருந்த எடத்துலேர்ந்து பேத்து கொண்டாந்து திரும்ப கட்டி வச்சிருக்காங்க. அத பாத்துட்டு திரும்பி வர்ற வழியில நம்ம செயலாளர் "அப்ப நாமளும் தூக்கிரலாமே"ன்னாரு. அவ்வளவுதான். கம்பெனி மேனேஜர்கிட்ட வாயாலயும் எழுத்தாலயும் கேட்டு, ஒவ்வொரு பலகைக்கும் சாக்பீஸ்ல நம்பர் போட்டு, ரெண்டு லோரியில ஏத்தி கோயில் வளாகத்துக்கே கொண்டாந்துட்டோம். மழையில பாதி நம்பர் அழிஞ்சு போச்சு, பெரியவரு ஒருத்தரு ஆணி ஓட்டைய தடவிப் பாத்தே எது எதோட சேரும்னு சொன்னாரு. செங்கால் மரத் தூணு 14ல ஒண்ணு வெடிச்சிருச்சு, பழசுல 13 தான் நிக்குது, அந்த ஒண்ணு மட்டும் புது மரம், வேணும்னேதான் பெயிண்ட் அடிக்காம விட்டோம்.

பால் நிறுக்குற தராசு எவனோ தூக்கிட்டுப் போய் பழைய சாமான் கடையில வித்துட்டான், 180 வெள்ளி குடுத்து மீட்டோம், ரசீது இல்ல, ஆடிட்டர் அண்ணன் மன்னிக்கணும். பெரட்டு மணியா (காலையில ஆள் கூப்புடுற மணி) தொங்குன தண்டவாளத் துண்டு, பால் புடிக்கிற மங்கு, உளி, வாளி, 1957ஆம் வருச செக்ரோல் புக்கு (வேலையாளுங்க பேர் பதிவு) எல்லாம் உள்ள இருக்கு. செக்ரோல்ல கரையான் ஓரத்தத்தான் அரிச்சிருக்கு, பேரு எல்லாம் தெளிவா இருக்கு, பேருக்கு நேரா ரேகை வச்ச மையி கூட இன்னும் மங்கல. எங்க பாட்டி பேர கிராணி (தோட்டத்து கிளார்க்) தப்பா எழுதியிருக்காரு, ஆனா ரேகை அவங்களோடது.

மீதி 1,460ல கண்ணாடி அலமாரி ஒண்ணு செய்யலாம்னு இருக்கோம், வேணாம்னா ஆண்டுக் கூட்டத்துல சொல்லுங்க. அந்த புக்குல 23 பேரு யாருன்னு யாருக்கும் தெரியல, ஞாயித்துக்கிழமை பூச முடிஞ்சதும் சாவி பொருளாளர்கிட்ட இருக்கும், வயசானவங்கள கூட்டிட்டு வாங்க.