காதல் கதைக்குள் அடைபட்ட அரசிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தியாவை ஆண்ட பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். முஸ்லிம் பெண்களின் பகுதிக்கு வந்ததும் மனம் சோர்ந்துவிட்டது. நூர்ஜகானின் அழகும் ஜகாங்கீரின் காதலும் ஒரு பத்தி, மும்தாஜின் கல்லறை ஒரு பத்தி, அவ்வளவுதான். நூர்ஜகான் பெயரில் நாணயம் அச்சானதற்கும், அவர் முத்திரையிட்டு ஆணைகள் பிறப்பித்ததற்கும் ஒரு வரிகூட இல்லை.

போபாலை எப்படி மறந்தீர்கள்? 1819 முதல் 1926 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, தாய், மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என நான்கு பேகம்கள் அடுத்தடுத்து ஆண்ட சமஸ்தானம் அது. நவாப் நசர் முகம்மது கான் குண்டு பாய்ந்து இறந்தபோது மனைவி குத்சியா பேகத்துக்குப் பதினெட்டு வயது. கையில் ஒரே பெண் குழந்தை. அரியணைக்கு உரிமை கோர ஆண் உறவினர்கள் இருந்தார்கள். குத்சியா அசையவில்லை. குழந்தை சிக்கந்தரையே வாரிசாக அறிவித்து, அவள் சார்பில் தாமே ஆட்சியை ஏற்றார்.

அந்தச் சிக்கந்தர்தான் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர். கொல்லவந்த கணவனின் வாளுக்குத் தப்பியவர். பர்தா அணியாமல் ஊர் ஊராகச் சென்று நிர்வாகத்தை நேரில் பார்த்தார். 1857இல் அவர் ஆங்கிலேயர் பக்கம் நின்றது எனக்கு உவப்பானதன்று. அதற்காக அவருடைய ஆட்சித் திறனை மறைத்துவிட முடியுமா? கணவன் இறந்த பின் அரசுரிமை மகளுக்குப் போனது; அவள் சார்பில் ஆள்பவராக மட்டும் இருக்கச் சிக்கந்தர் ஒப்பவில்லை. ஆங்கிலேயரிடம் வாதாடி, 1860இல் தம் சொந்த உரிமையிலேயே அரசியாக ஏற்கவைத்தார். பின்னர் மக்கா சென்று, அந்தப் பயணத்தை நூலாகவும் எழுதினார்.

அவருடைய பேத்தி சுல்தான் ஜகான் பேகம், 1920இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர் ஆனார். முஸ்லிம் வீட்டுப் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களிடம் முப்பது ஆண்டுகளாக இந்த ஒரு செய்தியைச் சொல்லி வருகிறேன். பெரும்பாலானோர் அதை முதல்முறையாகக் கேட்பதாகவே சொல்கிறார்கள்.

போபால் பேகம்களுக்கென்று தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுங்கள். அதில் அவர்கள் கட்டிய மசூதிகளோடு, அவர்கள் நடத்திய அரசும் இடம்பெறட்டும்.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
கீழக்கரை