பழைய படச்சுருள்களைக் காப்போம்

ஆசிரியருக்கு வணக்கம். துருவக் கடற்பனி குறைந்துவருவது பற்றிய தங்கள் செய்தியில், ஒப்பீடு 1979-இலிருந்தே தொடங்குகிறது. கடற்பனியைப் பற்றிய செயற்கைக்கோள்களின் தொடர்ச்சியான நுண்ணலைப் பதிவுகள் 1978 இறுதியில்தான் தொடங்கின என்பதால் அது இயல்பே. ஆனால் அதற்கு முன்பும் கண்கள் இருந்தன. 1964 ஆகஸ்ட் 28-இல் ஏவப்பட்ட நாசாவின் நிம்பஸ்-1 வானிலைச் செயற்கைக்கோள் ஒரு மாதம்கூட இயங்கவில்லை. எனினும் அண்டார்க்டிகாவில் பனி உச்சத்தை எட்டும் செப்டம்பரை அது படம்பிடித்தது. பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்த அப்படச்சுருள்களை அமெரிக்கத் தேசியப் பனி மற்றும் உறைபனித் தரவு மையத்தினர் மின்வடிவாக்கி, மேகத்தையும் பனியையும் பிரித்தறிந்து, அம்மாதப் பனிப்பரப்பைச் சுமார் 1.97 கோடி சதுர கிலோமீட்டர் எனக் கணித்தனர். எவ்வளவு பொறுமையான உழைப்பு!

நான் பணியாற்றிய ஆய்வகத்தில் காந்த நாடாக்கள் பத்திரமாக இருந்தன. அவற்றைப் படிக்கும் கருவியோ முன்பே கழிக்கப்பட்டிருந்தது. ஒரு தலைமுறையின் அளவீடுகள் அப்படியே ஊமையாகிவிட்டன. எனவே புதிய செயற்கைக்கோள்களுக்கான நிதியில் ஒரு சிறு பங்கைப் பழைய பதிவுகளை மீட்பதற்கென விண்வெளி அமைப்புகள் ஒதுக்க வேண்டும். அவற்றைக் கையாளத் தெரிந்த முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அப்பணியைத் தொடங்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்